திரும்பி வந்த லென்ஸ்

கணவனைப் புதைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோவில் ஒவ்வொரு லென்ஸ் உறைமீதும் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். லென்ஸ் வெளியே போன நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் எடுத்தவரே அதில் எழுத வேண்டும். கணவனுக்கும் அவன் தம்பிக்கும் நடந்த சண்டையைத் தீர்க்க அவள் போட்ட சட்டம் அது. கணவன் கடைசியாக எடுத்துப்போன லென்ஸை மட்டும் எங்கு தேடியும் காணவில்லை. அதைத் தொட்டால்தான் தனக்கு அழுகை வரும் என்றிருந்தாள்.

காலியாகக் கிடந்த அதன் உறை இன்று கனத்தது. டேப்பில் அவன் கையெழுத்தில், திரும்பிய நேரம் காலை ஐந்து நாற்பது என்று புதிதாக எழுதியிருந்தது. அவள் உடைந்து அழுதாள்.

"நீதானே தம்பி தேடி வச்ச? அவர மாதிரியே கிறுக்கியிருக்க."

கொழுந்தன் உறையைத் தொடவில்லை.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணி, சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அந்த லென்ஸ அண்ணன் கையில வச்சதே நான்தான்."