துளையின் அகலம்

கலீலுல்லா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரும் மேசையத் தொடாதீங்க" என்றார். வாசற்படியில் குந்தியிருந்த அம்சவல்லி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அந்தப் பித்தளைக் குழாய்க்குள்தான் தன் புருஷனின் தலையெழுத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

புருஷன் மாதையன் காட்டிலாகா பங்களா வராந்தாத் தூணில் கட்டப்பட்டிருந்தான். சந்தன மரம் வெட்டினான் என்று ரேஞ்சர் கோபால்சாமி பிடித்திருந்தார். ஜவ்வாது மலையில் சந்தனத்தைத் தொட்டவனுக்கு ஜெயில்தான். அப்படி ஜெயிலுக்குப் போன அவள் சித்தப்பன் நெஞ்சு நோயோடு திரும்பி வந்து, அடுத்த சாமை அறுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ஏருக்கு மரம் பாக்கத்தாங்க காட்டுக்குப் போச்சு. எம் மாமன் சந்தனத்தத் தொட்டதில்லீங்க சாமி" என்று வந்ததிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டிய மாதையனோ பிடிபட்டதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

கலீலுல்லா வாணியம்பாடிக்காரர். மலையில் சந்தன மரங்கள் நோய் கண்டு காய்வது ஏன் என்று ஆராய அரசாங்கம் அனுப்பி, பங்களாவில் தங்கியிருந்த விஞ்ஞானி. இப்படிப் படித்தவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து இருந்தால் கோர்ட்டில் கேஸ் நிற்கும் என்று ரேஞ்சர் காலையிலேயே கட்டையோடு வந்துவிட்டார். பிடித்த அன்றிலிருந்து அவர் தன் அறையிலேயே அரக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருந்த கட்டை அது.

"மோந்து பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சார். வாசனைக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றார் ரேஞ்சர்.

"அளக்காம நான் கையெழுத்துப் போடுறதில்லீங்க."

மனுஷர் அந்த விஷயத்தில் பொல்லாத பிடிவாதக்காரர். டீக்குச் சர்க்கரை போட்டாலும் கரண்டியின் மேல் குவிந்ததை வழித்துவிட்டுத்தான் போடுவார். ரேஞ்சர் எவ்வளவு அவசரப்படுத்தியும் அவர் அசையவில்லை.

கட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி வெந்நீரில் ஊறப்போட்டார். அதைச் சவரக் கத்தியால் வெங்காயத் தோல்போல மெல்லிசாகச் சீவினார். மரத்தில் தண்ணீர் ஏறும் துளைகள் சீவலில் தெரியும். அந்தத் துளைகளின் அகலத்தை வைத்து இன்ன மரம் என்று சொல்லிவிடலாம் என்று ரேஞ்சருக்கு விளக்கினார்.

ஆனால் முதலில் சீவலை வைக்காமல் வெறும் கண்ணாடிச் சில் ஒன்றை வைத்துப் பார்த்தார். வெறும் கண்ணாடி என்று அம்சவல்லிதான் நினைத்தாள். அதில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு கிழித்திருந்தது. குழாய்க்குள் இருந்த அளவுகோல் சரிதானா என்று அந்தக் கோடுகளோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன்னிடம் இருந்த அசல் சந்தனச் சீவலை அளந்தார். அதற்குப் பிறகுதான் கேஸ் கட்டையின் சீவல் குழாயின் அடியில் போனது.

கட்டையிலிருந்து வந்த சந்தன வாசனை வாசல்வரைக்கும் அடித்தது. அதுதான் அம்சவல்லியைக் கொன்றது. மார்கழிக் குளிரில் ரேஞ்சர்கூடக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கலீலுல்லா நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"இது சந்தனமே இல்ல. துளைங்க ஒவ்வொண்ணும் சந்தனத்தப் போல ரெண்டு பங்கு அகலம். வாசனை வரட்டும்னு மேல சந்தன எண்ணெயத் தடவி வச்சிருக்காங்க."

இன்னொரு தடவை அளக்கும்படி ரேஞ்சர் கேட்டார். வேறு இடத்தில் சீவி, சளைக்காமல் அளந்தார் கலீலுல்லா. அளவு மாறவில்லை.

ஓர் ஏழையின் தலையில் பொய்க் கேஸைக் கட்டுவதற்கு என்னிடம் கையெழுத்தா என்று அவர் சத்தம் போட்டார். எதற்கெடுத்தாலும் எகிறுகிற ரேஞ்சர் அன்றைக்கு எகிறவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று முணுமுணுத்தபடி தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது மாதையன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான்.

கலீலுல்லாவுக்குக் கோபம் அடங்கவில்லை. கட்டை சந்தனம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அம்சவல்லி கையிலேயே கொடுத்தார். அவள் அவர் காலில் விழப் போக, அவர் பதறி விலகிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் காட்டுப் பாதையில் மாதையன் ஓட்டமும் நடையுமாகப் போனான். தப்பித்த மனுஷன் இன்னும் ஏன் இப்படிப் பயந்து ஓடுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பயம் போய், அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்திருந்தது.

விடியட்டும், கலசப்பாக்கத்துக்கு இறங்கி பஸ் பிடித்துப் பெரிய ஆபீசரையே பார்க்கப் போகிறேன் என்றாள். ரேஞ்சரின் உடுப்பைக் கழற்ற வைக்காமல் ஓய மாட்டேன் என்றாள்.

"வெட்டாத மரத்த வெட்டுனன்னு உன்னக் கட்டி வச்சானே, அவன சும்மா உட்றதா? காயிதம் எங் கையில கீது மாமா."

மாதையன் நின்றான். பாதையின் முன்னும் பின்னும் பார்த்தான். அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, சுக்கு நூறாகக் கிழித்துப் புதரில் எறிந்தான்.

"வாணாம் அம்சா. அவன் ரூமுல வச்சிப் பூட்டுனப்ப அது வேற கட்ட. நான் வெட்னது சந்தனந்தான்."