ஆந்தைக் காசும் புளியக்காவும்

விலை மதிப்பவர் வரப்போகிறார் என்று செலின் தன் பழங்காலக் கிரேக்க நாட்டு டிராக்மா வெள்ளிக் காசைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தாள். ஆந்தை பொறித்த காசு. உடம்பெல்லாம் கறுப்பேறிக் கிடந்தது.

“என்னடி, முகம் கழுவுற பழக்கமே கிடையாதா?” என்று சிரித்தது, பளபளவென்றிருந்த பித்தளைச் செம்பு.

காசுக்கு உயிரே போய்விட்டது. இந்தக் கோலத்தில் பார்த்தால் மதிப்பவர் வேண்டாமென்று தள்ளிவிடுவாரே!

“புளியக்கா, என்னையும் கொஞ்சம் தேய்ச்சு விடேன்” என்று, செம்பைத் துலக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த புளி உருண்டையிடம் கெஞ்சியது காசு.

“அதுக்கென்ன கண்ணு, வா!”

புளி உருண்டு வருவதற்குள் மதிப்பவர் வந்து காசை எடுத்துவிட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தவர் துள்ளினார்.

“ஆந்தையோட இறகு ஒண்ணுகூடத் தேயலையே! துலக்கியிருந்தா கால் விலைகூடத் தேறாதும்மா. நான் பார்த்த காசுகளிலேயே இதுதான் ராணி!”

காசுக்குச் சிறகடித்துப் பறக்கலாம் போலிருந்தது.

செம்பு மெல்லப் பின்னால் நகர்ந்தது. “புளியக்கா, இனிமே என் பக்கமும் வராதே.”