தேன் கம்பெனிப் பங்குகள்

ஓர் அணிலுக்கு அதன் அப்பா விட்டுப்போன சொத்து, தேன் கம்பெனியின் பங்குப் பத்திரங்கள் கொஞ்சம். அவற்றைத் தன் பெயருக்கு மாற்ற, ஆற்றைத் தாண்டி ஆபீசுக்குப் போக வேண்டும். அணிலோ நிறைமாதம். மழையில் கூடும் பிய்ந்து போயிருந்தது.

"ஒரு மூட்டை தேங்காய் நார் தர்றேன், பத்திரத்தைக் கொடுக்கிறியா?" என்று கேட்டது கீரி.

"அடிமாட்டு விலையால்ல இருக்கு, அண்ணே," என்றது அணில். ஆனாலும் கொடுத்துவிட்டு, அன்றைக்கே கூட்டைக் கட்டி முடித்தது.

அடுத்த மாதமே பங்கு விலை பல மடங்கு ஏறியது. கீரிக்கு மனசு உறுத்தியது. மரத்தடிக்கு வந்து, "உன்னை ஏமாத்திட்டேனோ, தங்கச்சி?" என்று உரக்கக் கேட்டது.

அணில் கூட்டிலிருந்து தலையை நீட்டியது.

"மெதுவாப் பேசுங்க அண்ணே. இப்பத்தான் மூணும் தூங்குதுங்க."