மெதுவாக அடிக்கச் சொன்னார்கள்

கிளினிக் இருக்கும் தெருவுக்குள் சவ ஊர்வலம் திரும்பியதுமே, செத்தவனின் தாய்மாமன் முன்னால் ஓடிவந்து மேளக்காரரின் காதருகே குனிந்தார்.

"இடியண்ணே, இந்தத் தெருவுல மட்டும் மெதுவா அடிங்க. பசங்க கொதிச்சுப் போயிருக்கானுங்க. ஒண்ணும் ஆகாம தாண்டிப் போயிடணும்."

ஊரார் 'இடி' என்றே கூப்பிடும் அந்த மேளக்காரர் தலையாட்டினார்.

கல்யாணமோ சாவோ, பின்னால் வருகிறவர்களின் கால்கள் அவர் கையில்தான். அவர் விரட்டி அடித்தால் முட்டிவலிக்காரர்கூட ஆடுவார். இழுத்து அடித்தால் வம்புக்கு வந்தவனும் விசும்புவான்.

வண்டியில் கிடந்தவன் லேத் பட்டறைப் பையன். காய்ச்சல் என்று இந்தக் கிளினிக்குக்கு வந்து, ஊசி போட்டுக்கொண்ட அன்றே போய்ச்சேர்ந்தான். அவனோடு வேலை பார்த்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

இடி கையை இளக்கினார். ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் இடைவெளி.

கூட்டம் அடங்கியது. விறைத்திருந்த தோள்கள் தளர்ந்தன. ஒருவன் கையிலிருந்த கல்லை யாருக்கும் தெரியாமல் நழுவவிட்டான். இன்னொருவன் வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

தாய்மாமன் இடியைப் பார்த்துக் கைகூப்பினார்.

மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். கூட்டம் பேசாமல் போவதைப் பார்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இடி அதைப் பார்த்தார்.

அவருடைய வலது கை ஓர் அடியைக் கொஞ்சம் முந்திப் போட்டது.

அடுத்தது அதைவிடச் சீக்கிரம் விழுந்தது. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது.

கால்கள் மாறின. யாரோ கை தட்டினார்கள். அழுதுகொண்டிருந்தவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். முதல் கல் போய்க் கண்ணாடியில் விழுந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க! நிறுத்துங்கண்ணே!"

தாய்மாமன் அவர் கையைப் பிடிக்க எட்டினார். கூட்டம் அவரை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிளினிக்குக்குள் பாய்ந்தது.

இடி நிறுத்தவில்லை. கதவு பெயர்ந்து விழுந்தபோதும் நிறுத்தவில்லை. மாடியிலிருந்து அலறல் கேட்டபோது இன்னும் ஓங்கி அடித்தார்.

அவர் கண் வாசல்படியை விட்டு நகரவேயில்லை.

போன மழைக்காலத்தில் அந்தப் படி வழியாகத்தான் அவர் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவளுக்கும் வெறும் காய்ச்சல்தான்.

அன்றைக்கு அவர் பின்னால் நடந்துவர மனைவியைத் தவிர ஒருவரும் இல்லை.