பத்தாவது பாட்டு

இசை விமர்சகருக்கு அந்தப் பாடகரைக் கண்டாலே ஆகாது. பியானோ வாசித்தபடி ப்ளூஸ் ராக் பாடியவர் அவர். அவருடைய முதல் ஆல்பத்தை நாற்பது வருடத்துக்கு முன் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டவர் இவர். பாடகர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அதே பத்திரிகை அந்த ஆல்பத்தைப் பாராட்டி எழுதித்தரச் சொன்னது.

மதியம் இசைத்தட்டைச் சுழலவிட்டு உட்கார்ந்தார். ஒன்பது பாட்டும் முடிந்தன. பியானோ மறுபடி ஆரம்பித்தது.

“அட்டையில ஒன்பதுதானே போட்டிருக்கு?” என்றாள் மனைவி.

“வாயை மூடிட்டுக் கேளு.”

‘முதல் தடவை கேட்டபோதே உருகிப்போனேன்’ என்று எழுதினார். இசைத்தட்டில் பாடகரின் கரகரத்த குரல் அந்த வரியை அப்படியே பாடியது. பாட்டின் பின்னணியில் யாரோ சிரித்தார்கள்.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். “பொய்தானே இது? வயித்தெரிச்சல்லதானே அன்னைக்குத் திட்டினீங்க?”

“நீயும் அவன் கட்சியா?”

அவர் அந்த வரியை அடித்தார். ‘பொறாமையில்தான்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். ‘பொறாமையில்தான்’ என்று பாடிவிட்டுக் குரலும் நின்றது. பியானோவின் ஒரே ஒரு கட்டை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தபடி, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தது.