ஆறாவது காசு

என் தம்பி ரஸல் மெட்டல் டிடெக்டரின் குமிழைத் திருகி இறக்கினான்.

ஏற்றினால்தானே ஆழம் போகும் என்று வாயை விட்டேன். அறுபத்து நாலு வயதில் அவன் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பதே இந்த ஒரு விஷயம்தான். நின்று விளக்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த ஊர்ச் செம்மண்ணில் இரும்பு அதிகமாம். குமிழை ஏற்றினால் மண்ணே கூச்சல் போடுமாம், அடியில் கிடக்கிற காசு கேட்காதாம்.

"இறக்கி வைக்கணும், கிளென். புல்லை உரசிக்கிட்டே மெதுவா போகணும். ஆழத்துல இருக்கிறது கத்தாது, முணுமுணுக்கும்."

மூன்று நாள் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மண் நனைந்தால் இன்னும் கொஞ்சம் ஆழம் கிடைக்கும் என்று காத்திருந்து வந்திருக்கிறான். இதற்காகவே மெஷினின் அடியில் தரையைத் துழாவுகிற வட்டத் தட்டான காயிலைப் பெரிதாக வேறு வாங்கி மாட்டியிருந்தான்.

இன்று விட்டால் இல்லை. திங்கட்கிழமை எங்கள் வீட்டுச் சாவி, வீட்டை வாங்கியவர் கைக்குப் போகிறது. பின்பக்கத்து அத்திமரத்தை எடுத்துவிட்டு நீச்சல் குளம் கட்டப்போகிறார்களாம்.

அவன் தேடுவது ஒரு மூன்று பென்னிக் காசு. சட்டைப் பொத்தான் அளவு வெள்ளி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கிறிஸ்துமஸ். இதே அத்திமரத்தடியில்தான் மேசை. எங்கள் நாட்டில் டிசம்பர் கோடை; வெயில் நெருப்பாய்க் கொட்டினாலும் ஆவி பறக்கிற புட்டிங் சாப்பிட்டாக வேண்டும். எங்கள் ஜனங்களுக்கு அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

அதிர்ஷ்டத்துக்கென்று அம்மா புட்டிங்குக்குள் ஆறு காசு வைத்து அவிப்பாள். பென்னி போய் டாலரும் சென்ட்டும் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதுக் காசு போட்டால் புட்டிங் பச்சை நிறமாகிவிடும். அதனால் பழைய வெள்ளிதான். யார் துண்டில் வருகிறதோ அவர்கள் துடைத்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு புது ஐந்து சென்ட் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வருடமும் அதே ஆறு உள்ளே போகும்.

அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அப்பா தலையில் காகிதக் கிரீடம், பிராந்தி வாசனை, சிள்வண்டு இரைச்சல், ரஸலின் வாயைச் சுற்றிக் கஸ்டர்ட்.

அன்றைக்கு ஐந்து காசுதான் திரும்பி வந்தது.

எல்லோர் கண்ணும் ரஸல் மேல் போனது. ஏழு வயது, மூன்று தடவை வாங்கித் தின்றவன். முழுங்கவில்லை, கீழே விழுந்திருக்கும் என்று அழுதான். அம்மா மூன்று நாள் அவனை ஒரு பழைய குண்டானில் உட்காரவைத்து, குச்சியால் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படியானால் திருட்டு என்று முடிவாகி, அப்பா பெல்ட்டை அவிழ்த்தார்.

அதன்பிறகு அம்மா புட்டிங்கில் காசு வைக்கவே இல்லை. ஆனால் சாகிறவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் தட்டை நீட்டும்போது, முழுங்கிவிடாதே என்று கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

காலையிலிருந்து ஏழு குழி தோண்டியாகிவிட்டது. மேலே ஈரம், கீழே கல். ஏழிலும் மண்வெட்டி டங்கென்று எகிறியது. ஆணி, பீர் மூடி, ஒரு பொம்மைக் காரின் சக்கரம். தோண்டுவது அவன், மூடுவது நான். மூடிய பிறகும் அதன்மேல் இன்னொரு முறை காயிலை ஓட்டிப் பார்க்காமல் நகர மாட்டான். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கும் என்பது டிடெக்டர்காரர்களின் வேதம்.

மரத்தின் வடக்குப் பக்கத்தில் காயில் நின்றது. நேராக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை ஓட்டினான். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான்.

முணுமுணுத்தது.

புல் மூடி மாதிரி கழன்று வந்தது. மண்வெட்டி வேண்டியிருக்கவில்லை. கையாலேயே அள்ளினான். பொலபொலவென்று மண் வந்தது. முன்கை பாதி மறைந்தபோது கையை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் கறுத்துப்போன மூன்று பென்னி.

அவன் காசைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"கீழேதான் விழுந்திருக்கு, கிளென். யாரும் எடுக்கல. இதோட விட்டுடலாம்."

கல்லே தட்டாத அந்தக் குழியை அவனே முன்பு தோண்டி மூடியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அது எங்கள் காசு இல்லை என்றும் தெரிந்தது.

எங்கள் காசு என் கோட்டுப் பையில் இருந்தது.

ஒன்பது வயதில் என் துண்டில் வந்தது அது. ஒரே ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். விடிந்தபோது அவனைக் குண்டானில் உட்காரவைத்திருந்தார்கள். பயத்தில் வாய் வரவில்லை. பெல்ட்டுக்குப் பிறகு வரவே இல்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்து வந்திருந்தேன்.

"ரஸல்... நான் ஒண்ணு சொல்லணும்டா," என்றேன்.

குழியை மூடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். பிளாஸ்கில் டீ இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

பையிலிருந்து எங்கள் காசை எடுத்து உள்ளே போட்டேன். மண்ணைத் தள்ளினேன். புல்லை வைத்துக் காலால் அழுத்தினேன். கண்ணீர் மறைத்ததால் சரியாகக்கூடப் பொருந்தவில்லை.

அவன் திரும்பி வந்து, மூடிய இடத்தின்மேல் காயிலை நீட்டியபடி நின்றான். அவன் காதில் ஹெட்போன்; அது முணுமுணுத்திருக்கும்.

பிறகு மெஷினை அணைத்துவிட்டு, டீ ஆறிப்போகும், வா என்றான்.