பச்சை பட்டன், சிவப்பு பட்டன்

மார்ச் இரண்டாம் தேதி, வீட்டின் பின்புற நீச்சல் குளத்து மோட்டார் ஒரே பட்டனில் ஓடத் தொடங்கியது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒயர்களைப் பிணைத்து, அதற்கான கருவியைக் கணவரே செய்திருந்தார்.

"பச்சை பட்டன் அமுக்கினா ஓடும், சிவப்புன்னா நிக்கும். குளோரினையும் அதுவே கலந்துக்கும்."

"மோட்டார் பக்கமே என்னை விட்டதில்லை. இப்ப எதுக்கு எனக்குப் பாடம்?" என்றாள் மனைவி.

"நான் இல்லாதப்பவும் நீ சமாளிக்கணும்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காதீங்க."

"அட, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். உடம்புக்கு ஒண்ணுமே இல்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உயிரே போயிடுச்சு! நீங்க நல்லா இருந்தா போதும், வேற எதுன்னாலும் தாங்கிக்குவேன்."

"நிஜமாவா?" என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, துணிமணிகளை எடுத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டுக்கு அவர் குடிபோனார்.